கறுப்பு டீஷர்ட்டும் வெள்ளை மையும்

துணியின்மீது நேரடியாக மை தெளித்து அச்சிடும் இயந்திரத்தைத் திருப்பூரில் நாங்கள் டிடிஜி என்றே சொல்கிறோம். காகிதத்தில் அச்சிடும் இங்க்ஜெட் பிரிண்டரின் தத்துவம்தான் இதிலும் இருக்கிறது. தட்டில் சுருக்கமில்லாமல் மாட்டிய டீஷர்ட் மெல்ல நகர, மேலே இடமும் வலமும் ஓடும் ஹெட்டின் நுண்துளைகளிலிருந்து மைத்துளிகள் விழுந்து படம் வரி வரியாக உருவாகிறது. வெள்ளை டீஷர்ட்டாக இருந்தால் வேலை ஏறத்தாழ அவ்வளவுதான். கணினி பழகிய யாரும் சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம். கறுப்பு டீஷர்ட்டைத் தட்டில் மாட்டும்போதுதான் இந்தத் தொழிலின் உண்மையான கணக்கு தொடங்குகிறது. சிறு முதலீட்டில் அச்சுத் தொழில் தொடங்க விரும்பி என்னிடம் யோசனை கேட்பவர்களிடம், இயந்திரத்தின் விலையையும் வேகத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் வெள்ளை மையைப் புரிந்துகொள்ளுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். வாடிக்கையாளர்கள் விரும்பிக் கேட்பவை பெரும்பாலும் கறுப்பும் கருநீலமும் பாட்டில் பச்சையும் மெரூனும்தான்.

சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு வண்ண மைகளும் ஒளி ஊடுருவக்கூடியவை. அடியில் வெண்மை இருந்து ஒளியைத் திருப்பி அனுப்பினால்தான் அவற்றின் நிறம் நம் கண்ணுக்கு வரும். வெள்ளைத் துணியில் அந்த வேலையைத் துணியே செய்துவிடுகிறது. கறுப்புத் துணியிலோ மஞ்சள் மையை எவ்வளவு விட்டாலும் ஈரம் பட்டதுபோல் ஒரு தடம் தெரியுமே தவிர மஞ்சள் தெரியாது. அதனால் படத்தின் வடிவத்தில் முதலில் வெள்ளை மையால் ஓர் அடித்தளம் போட்டு, அது உலர்வதற்குள் அதன்மேல் வண்ணங்களை அச்சிட வேண்டும். 2005-ல் பிரதர் நிறுவனம் கொண்டுவந்த ஜிடி-541 இயந்திரத்தில் வெள்ளை மையே கிடையாது. வெளிர்நிறத் துணிகளுக்கு மட்டுமே அது பயன்பட்டது. அந்தக் காலத்தில் பல விற்பனையாளர்கள் எப்சனின் காகித பிரிண்டர்களைப் பிரித்து, துணித்தட்டு பொருத்தி, மை மாற்றி விற்றார்கள். 2013-ல் எப்சனே துணிக்கென்று வடிவமைத்த எஃப்2000 வந்த பிறகுதான் சிறு பட்டறைக்காரர்கள் கொஞ்சம் நம்பிக்கையோடு இந்தப் பக்கம் திரும்பினார்கள். இந்தத் தொழில்நுட்பத்தின் வளர்ச்சி என்பது பெருமளவுக்கு வெள்ளை மையைக் கட்டுக்குள் கொண்டுவந்த கதைதான்.

வெள்ளை மைக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயிண்டிலும் இருப்பது இதுவே. தண்ணீரைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு அடர்த்தியான இந்தத் துகள்கள், பெரும்பகுதி தண்ணீராலான மைக்குள் மிதந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அசையாமல் விட்டால் கார்ட்ரிட்ஜின் அடியிலும், மைக் குழாயிலும், ஹெட்டுக்குள்ளும் படிந்துவிடும். குழாயில் படிந்தால் மேலே வருவது நீர்த்த மையாக இருக்கும். அச்சில் வெள்ளை மங்கி, சாம்பல் பாய்ந்து தெரியும். ஹெட்டில் படிந்து காய்ந்தால் அந்தத் துளைகள் அடைந்துபோகும். இன்றைய நல்ல இயந்திரங்களில் வெள்ளை மை தானாகச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கும் மின்சாரம் வேண்டும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. இரவில் பட்டறையைப் பூட்டும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவது நம் ஊர்ப் பழக்கம். டிடிஜி இருக்கும் இடத்தில் அந்தப் பழக்கத்தை முதல் நாளே கைவிட வேண்டும்.

விடுமுறை நாட்களிலும் இதே கவலைதான். தீபாவளிக்கு ஊரே காலியாகி, பனியன் கம்பெனிகள் பல நாட்கள் மூடிக் கிடக்கும்போது தையல் இயந்திரம் துணி மூடிக் காத்திருக்கும். ஸ்கிரீன் பிரிண்டிங் டேபிளும் காத்திருக்கும். டிடிஜி காத்திருக்காது. யாராவது ஒருவர் வந்து, கார்ட்ரிட்ஜைக் கழற்றிக் குலுக்கி, துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று காட்டும் நாஸில் செக் எடுத்துப் பார்த்து, ஹெட்டின் மூடியைச் சுற்றிக் காய்ந்திருக்கும் மையைச் சுத்தம் செய்யும் திரவத்தில் நனைத்த ஸ்வாபால் துடைத்துவிட்டுப் போக வேண்டும். அல்லது, இயந்திரத்தின் கையேட்டில் சொல்லியிருக்கும் முறைப்படி வெள்ளை மையை வெளியேற்றிச் சுத்திகரிப்புத் திரவத்தை நிரப்பி வைத்துவிட்டுப் போக வேண்டும். ஹெட்டை மாற்றுவதற்கு ஆகும் செலவு, ஒரு சிறு பட்டறை பல வாரங்கள் உழைத்துச் சேர்க்கும் லாபத்தை ஒரே நாளில் விழுங்கிவிடும்.

நாஸில் செக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தினமும் காலையில் முதல் வேலையாக, இயந்திரம் ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு சிறு கோடு போட்டுக் காட்டும். வண்ணத்தை வெள்ளைத் தாளில் பார்க்கலாம். வெள்ளைக் கோடுகளைக் கறுப்புத் தாளிலோ, ஒளி புகும் ஃபிலிமிலோ எடுத்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். படிக்கட்டுபோல் இறங்கும் அந்தக் கோடுகளில் ஒன்றிரண்டு அங்கங்கே விடுபட்டிருந்தால் வேலையைத் தொடரலாம். அடுத்தடுத்து நாலைந்து சேர்ந்து விடுபட்டிருந்தால் அச்சில் கறுப்புக் கோடு ஓடும். விடுபடல் தினமும் அதே இடத்தில் வந்தால் அந்தத் துளை அடைபட்டிருக்கிறது என்று பொருள். இடம் மாறி மாறி வந்தால் பெரும்பாலும் மைக்குள் காற்று புகுந்திருக்கும், அல்லது ஹெட்டை மூடும் ரப்பர் மூடியில் பிசிறு ஒட்டியிருக்கும். இந்த வேறுபாட்டைப் பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒரு பையனோ பெண்ணோ பட்டறையில் இருப்பது, இன்னொரு இயந்திரம் இருப்பதைவிட மேல்.

பிசிறு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நிட்டிங்கும் கட்டிங்கும் நடக்கும் கட்டடத்திலேயே ஒரு மூலையில் டிடிஜியை வைத்துவிடலாம் என்று நினைப்பவர்கள் திருப்பூரில் அதிகம். பஞ்சுத் தூசி பறக்கும் இடத்தில் இந்த இயந்திரம் நிலைக்காது. தனி அறை, மூடிய கதவு, குளிர்சாதனம் ஆகியவை ஆடம்பரம் அல்ல. அதோடு மாசி பங்குனியின் வறட்சி அறையின் ஈரப்பதத்தை மிகவும் இறக்கிவிடும். ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்குக் கீழே போனால் துளை நுனியில் மை காயத் தொடங்குகிறது. ஏசி போட்டால் காற்று மேலும் உலரும் என்பதால் ஹ்யூமிடிஃபையரும் சேர்ந்தே வேண்டியிருக்கிறது. ஈரப்பதமானி விலை குறைந்த கருவிதான். அதை வாங்கி இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைப்பது நல்லது.

இனி ப்ரீட்ரீட்மெண்ட். வெள்ளை மையைக் கறுப்புத் துணியில் அப்படியே விட்டால் நூலுக்குள் உறிஞ்சப்பட்டு மறைந்துவிடும். அதைத் துணியின் மேற்பரப்பிலேயே நிறுத்துவதற்காக அச்சிடும் முன் ஒரு திரவத்தைத் தெளிக்கிறோம். அதில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் போன்ற உலோகத்தின் உப்பும், ஒட்டும் தன்மை கொண்ட ஒரு பாலிமரும். மையில் நிறமித் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டத்தால்தான் பிரிந்து மிதக்கின்றன. கால்சியம் அயனிகள் அந்த விலக்கத்தை முறித்துவிடுவதால், மைத்துளி துணியைத் தொட்ட கணமே எலுமிச்சை பிழிந்த பால்போல் திரிந்து, விழுந்த இடத்திலேயே கெட்டிப்பட்டு நிற்கிறது. அந்தத் திரிந்த வெள்ளைப் படலம்தான் வண்ணங்களுக்கு மேடை.

எவ்வளவு தெளிப்பது என்பதில்தான் தரம் இருக்கிறது. குறைந்தால் வெள்ளை மங்கி, துணியின் கறுப்பு உள்ளிருந்து எட்டிப் பார்க்கும். கூடினால் அச்சு பிளாஸ்டிக் போல விறைக்கும், சலவையில் வெடிக்கும், துணியில் பளபளப்பான சதுரத் தடம் விழும். கைத்தெளிப்பானால் கண்ணளவில் தெளிப்பவர்கள் காலையில் ஒரு தரமும் மாலையில் ஒரு தரமும் கொடுப்பார்கள். ஒரு சமையலறைத் தராசை வைத்துக்கொண்டு, தெளிப்பதற்கு முன்னும் பின்னும் டீஷர்ட்டை எடைபோட்டு, கூடிய கிராமைக் குறித்து வைப்பது எளிய, நம்பகமான வழி. துணி ரகத்துக்கு ரகம் அந்த அளவு மாறும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை கண்டுபிடித்துச் சுவரில் எழுதி ஒட்டிவிட்டால் யார் தெளித்தாலும் ஒரே மாதிரி வரும். திரவத்தைக் கலக்க நம் ஊர் போர்வெல் தண்ணீரைத் தொடவே கூடாது. அதில் ஏற்கெனவே இருக்கும் உப்புகள் கலவையின் கணக்கைக் கெடுத்துவிடும். தெளித்த பின் ஹீட் பிரஸ்ஸில் சிலிக்கான் தாள் வைத்து நன்றாக அழுத்தி உலர்த்த வேண்டும். ஈரம் போவதோடு, துணியில் எழுந்து நிற்கும் மயிரிழைகளும் படிந்துவிடும். அச்சுப் படலத்தைத் துளைத்துக்கொண்டு ஓர் இழை எழுந்தாலும் அங்கே ஒரு கறுப்புப் புள்ளி தெரியும் என்பதால் இந்த அழுத்தலை அவசரப்படுத்தக் கூடாது.

துணியைப் பொறுத்தவரை, திருப்பூரில் இருப்பவர்களுக்குப் பெரிய வசதி உண்டு. ரிங் ஸ்பன் கோம்டு நூலில் (குட்டை இழைகளைச் சீவி நீக்கி முறுக்கிய மென்மையான நூல்) பின்னிய, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அளவுள்ள, பயோ வாஷ் செய்த முழுப் பருத்தி சிங்கிள் ஜெர்சி டிடிஜிக்கு மிகவும் ஏற்றது. பயோ வாஷ் என்பது செல்லுலேஸ் நொதியால் மேற்பரப்பு மயிரிழைகளை அரித்து நீக்கும் முறை. விலை மலிவு என்று ஓப்பன் எண்ட் நூல் துணியை எடுத்தால் அதன் சொரசொரப்பு அச்சில் தெரியும். பாலியஸ்டர் கலந்திருந்தால், சூட்டில் துணியின் சாயமே ஆவியாகி வெள்ளை மைக்குள் ஏறிவிடும். சிவப்புத் துணியில் போட்ட வெள்ளை எழுத்து இளஞ்சிவப்பாகத் திரும்புவது இப்படித்தான். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துணி கைக்கு மெத்தென்று இருக்க வேண்டும் என்று சாய ஆலையில் சிலிக்கான் சாஃப்ட்னரைத் தாராளமாகப் போட்டிருப்பார்கள். அந்தத் துணி தண்ணீரை ஏற்காது. ப்ரீட்ரீட்மெண்ட் மேலேயே திட்டுத் திட்டாக நிற்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்: உடனே உறிஞ்சினால் அச்சுக்கு ஆகும், முத்துபோல் நின்றால் அந்த லாட்டைத் திருப்பி அனுப்பிவிடுவதே நல்லது.

டிசைன் ஃபைல் பற்றி, குறிப்பாகத் தமிழ் எழுத்துகளைப் பற்றி, யாரும் விரிவாகச் சொல்வதில்லை. தமிழ் வாசகங்கள் போட்ட டீஷர்ட்டுகளை இன்று இளைஞர்கள் விரும்பி வாங்குகிறார்கள். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் ஆர்டர்களும் அவைதான். ஆனால் நம் எழுத்தில் வளைவும் சுழியும் அதிகம், அவற்றின் உள்வெளி சிறியது, மேலே புள்ளி வேறு. வண்ணத்துக்கு அடியில் வெள்ளை எட்டிப் பார்க்காமல் இருக்க, அடித்தளத்தை ஓரங்களில் ஓரிரு பிக்சல் உள்ளே இழுத்துக்கொள்ளும் அமைப்பு மென்பொருளில் உண்டு, சோக் என்பார்கள். தடித்த ஆங்கில எழுத்தில் இது தெரியாது. மெல்லிய தமிழ் எழுத்திலோ, ஓரத்தை உள்ளே இழுத்தபின் கோட்டுக்கு அடியில் வெள்ளையே மிஞ்சாது. வண்ணம் கறுப்புத் துணியில் நேரடியாக விழுந்து மறைந்துவிடும். முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் புள்ளி. 'கண்' என்பது 'கண' என்று நிற்கும். அதனால் தமிழ் வாசகத்துக்குச் சோக்கைக் குறைத்தோ நிறுத்தியோ வைத்துவிட்டு, கூடுமானவரை தடித்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்து, புள்ளியைக் கையால் சற்றுப் பெரிதாக்கிக்கொள்ள வேண்டும். வாசகம் முழுவதும் வெள்ளை நிறத்திலேயே இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

எழுத்துரு தரும் தொல்லை இன்னொன்று. பழைய குறியேற்றத்தில் தட்டச்சு செய்த ஃபைல் நம் கணினியில் திறக்கும்போது வேறு ஏதோ எழுத்துகளாக மாறிவிடும். சில வடிவமைப்பு மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். வாடிக்கையாளரை எழுத்துகளை அவுட்லைனாக மாற்றி அனுப்பச் சொல்வதும், அச்சிடும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் திரையில் ஒரு முறை வாய்விட்டுப் படிப்பதும் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளலாம். மற்றபடி, பின்னணி நீக்கிய பிஎன்ஜி, அச்சிடும் அளவிலேயே 300 டிபிஐ, அரைகுறையாக ஒளி ஊடுருவும் நிழலும் மினுக்கமும் இல்லாமை ஆகியவை போதும். அந்த மங்கலான ஓரங்களுக்கு அடியில் வெள்ளை விழுந்து சாம்பல் வளையமாகத் தெரியும். படத்தில் கறுப்பு வரும் இடங்களை வெற்றிடமாக விட்டுவிட்டால் துணியின் கறுப்பே படத்தின் கறுப்பாகிவிடும். வெள்ளை மை மிச்சமாகும், அச்சு மென்மையாக இருக்கும், டீஷர்ட் காற்றோட்டமாகவும் இருக்கும். நல்ல டிசைனரின் கைத்திறன் இங்கேதான் பணமாகிறது.

அச்சிட்ட பிறகு சுமார் 160 டிகிரி செல்சியஸில் மையை வேகவைக்க வேண்டும். எத்தனை நேரம் என்பது மை தயாரிப்பாளரின் அட்டவணையைப் பொறுத்தது. அதில் பத்து விநாடியைக்கூடத் திருடக் கூடாது. அடியில் இருக்கும் வெள்ளைப் படலத்தின் தண்ணீர் முழுவதும் வெளியேறி, மையிலுள்ள ஒட்டுப்பொருளான பைண்டர் இழையோடு ஒட்டினால்தான் சலவைக்கு நிற்கும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல் இருப்பதை நம்பக் கூடாது. வாடிக்கையாளரிடம் உள்பக்கம் வெளியே திருப்பிப் போட்டு, குளிர்ந்த தண்ணீரில் துவைக்கச் சொல்லி ஒரு சிறு சீட்டு வைப்பது நல்லது. சில துவைப்புகளுக்குப் பிறகு அச்சு நரைத்ததுபோல் தெரிந்தால் மை போய்விட்டது என்றே பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் மை அங்கேயே இருக்கும். இழைகள் உராய்ந்து மேலே எழுந்து மறைத்துக்கொண்டிருக்கும். நல்ல துணியும் நல்ல அழுத்தலும் என்று மேலே வலியுறுத்தியது இதற்காகவும்தான்.

விலை சொல்லும் இடத்தில் சிறு பட்டறைகள் சறுக்குவதை நிறையப் பார்க்கிறேன். வண்ண மைகள் நான்கும் சேர்ந்து செலவாவதைவிட வெள்ளை ஒன்றே கூடுதலாகச் செலவாகும். ஆனால் 'ஏ4 பிரிண்ட் இவ்வளவு' என்று வெள்ளைத் துணிக்கும் கறுப்புத் துணிக்கும் கிட்டத்தட்ட ஒரே விலையைச் சொல்லிவிடுகிறார்கள். மென்பொருளே ஒவ்வொரு டிசைனுக்கும் எத்தனை மில்லிலிட்டர் வெள்ளை, எத்தனை வண்ணம் என்று அச்சிடும் முன் காட்டிவிடும். அதோடு ப்ரீட்ரீட்மெண்ட், உலர்த்தும் மின்சாரம், காலைச் சுத்திகரிப்பில் வீணாகும் மை, கெட்டுப்போகும் பீஸ், ஹெட் தேய்மானத்துக்கு ஒரு சிறு தொகை, ஆள் கூலி எல்லாவற்றையும் சேர்த்தால்தான் விலை. ஆர்டர் இல்லாத நாளிலும் வெள்ளை மை செலவாகிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், மாதத்தில் எத்தனை நாள் இயந்திரம் உண்மையில் ஓடும் என்ற கேள்வி லாபத்தையே தீர்மானிக்கிறது.

ஒரே டிசைன் நூற்றுக்கணக்கில் வேண்டுமென்றால் ஸ்கிரீன் பிரிண்டிங்தான் சரி. நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்று ஆரம்பச் செலவு இருந்தாலும் எண்ணிக்கை கூடக் கூட பீஸுக்கான விலை இறங்கிவிடும். டிடிஜியில் முதல் பீஸுக்கும் நூறாவது பீஸுக்கும் ஒரே செலவு. பாலியஸ்டர் ஜெர்சி, தொப்பி, பை போன்றவற்றுக்கு இன்று ஊரெங்கும் பரவியிருக்கும் டிடிஎஃப் போதும்: ஃபிலிமில் அச்சிட்டு, பசைத்தூள் தூவி உருக்கி, ஹீட் பிரஸ்ஸில் ஒட்டும் முறை அது. ப்ரீட்ரீட்மெண்ட் தேவையில்லை, முதலீடும் குறைவு. ஆனால் நெஞ்சு முழுக்க நிறையும் ஒரு புகைப்படத்தையோ ஓவியத்தையோ டிடிஎஃப்பில் ஒட்டினால் சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் தாளை மார்பில் கட்டிக்கொண்டதுபோல் இருக்கும். டிடிஜியில் அதே படம் துணியோடு துணியாக இருக்கும். பேரனின் முதல் பிறந்தநாளுக்கு ஒரே ஒரு டீஷர்ட் கேட்டு வருபவருக்கும், நாலைந்து ஓவியங்களை மட்டும் வைத்துக்கொண்டு இன்ஸ்டாகிராமில் கடை தொடங்கும் கல்லூரி மாணவிக்கும், ஸ்டாக் இல்லாமல், குறைந்தபட்ச எண்ணிக்கை என்ற நிபந்தனை இல்லாமல், ஏற்றுமதித் தரத்தில் ஒரு பீஸ் செய்து தர முடிகிறது என்பதுதான் இந்த இயந்திரத்தின்மீது எனக்கு இருக்கும் பற்றுக்குக் காரணம். நடிகர் படம், கால்பந்து அணிச் சின்னம், கார்ட்டூன் பாத்திரம் கேட்டு வருபவர்களை மட்டும், உரிமை இல்லாமல் அச்சிட முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவது நல்லது. ஒரு பீஸ்தானே என்பது சட்டத்தின் முன் பதிலாகாது.

கழிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூரின் சாய, சலவை ஆலைகள் மூடப்பட்டதை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. நொய்யல் ஆற்றுக்கு நாம் செய்ததும் தெரிந்ததே. டிடிஜிக்குத் தண்ணீர் தேவை மிகக் குறைவுதான். இருந்தாலும் கழிவு மையும், சுத்திகரிப்புத் திரவமும், ப்ரீட்ரீட்மெண்ட் மிச்சமும் கேனில் சேர வேண்டியவை. வாஷ்பேசினில் ஊற்ற வேண்டியவை அல்ல. கேன் நிறைந்ததும் முறையாகக் கழிவு எடுப்பவரிடம் கொடுக்கும் செலவையும் விலைக்குள்ளேயே சேர்த்துவிடலாம்.

தொடங்க விரும்புபவர்கள் முதல் நாளே இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. ஏற்கெனவே டிடிஜி வைத்திருக்கும் பட்டறையில் ஜாப் வொர்க்காகக் கொடுத்து வாங்கி, தன் வாடிக்கையாளர் யார், கறுப்பு எத்தனை, வெள்ளை எத்தனை, தினமும் ஆர்டர் வருகிறதா என்று சில மாதங்கள் பார்க்கலாம். வாரம் முழுவதும் இயந்திரத்தை ஓட்டும் அளவுக்கு ஆர்டர் நின்ற பிறகு ஷோரூமுக்குப் போனால் போதும். போகும்போது விற்பனையாளர் எடுத்து நீட்டும் மாதிரியைப் பார்த்து முடிவு செய்யாமல், நீங்கள் விற்கப்போகும் அதே கறுப்பு டீஷர்ட்டில் நாலைந்தும், சிறிய தமிழ் எழுத்தும் தோல் நிறமும் கலந்த உங்கள் டிசைனும் கொண்டு போங்கள். காலையில் இயந்திரத்தை இயக்கத் தொடங்கும் நேரத்தில் போய், நாஸில் செக்கிலிருந்து உலர்த்தல் வரை கூடவே நின்று பாருங்கள். மென்பொருள் காட்டும் வெள்ளை மையின் மில்லிலிட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். அச்சிட்டவற்றில் ஒன்றை அப்படியே வைத்துவிட்டு, மற்றவற்றை வீட்டு வாஷிங் மெஷினில் வழக்கமான துணிகளோடு பல முறை துவைத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஹெட் பழுதானால் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார், அந்த மாடலுக்கு வெள்ளை மை உள்ளூரில் இருப்பு இருக்கிறதா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.